சோற்றுக் கை

ஜார்ஜ்டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவுக்கு, லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் வேலை. பேசும்போதும், கையில் இல்லாத நாரை அவர் விரல்கள் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன. இடக்கையில் மருக்கள் அப்படியே இருந்தன. வலக்கையில் ஒன்றுகூட இல்லை.

இருவரும் மரு சிகிச்சைப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தவர்கள். அவருக்கு அன்று முடிகிறது, எனக்குத் தொடங்குகிறது. வலக்கைக்குக் களிம்பு, இடக்கைக்குச் சூட்டு ஒத்தடம் என்று வீட்டிலேயே செய்துவர வேண்டும். எது கேட்கிறது என்று டாக்டர் பார்ப்பார்.

"களிம்பு நல்லாக் கேட்டிருக்கேக்கா," என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். "இல்ல தம்பி. சோறு சாப்பிடுற கையில மருந்த எப்படிலா பூசுறது? நான் கைய மாத்திட்டேன். இது ஒத்தடத்துல போனது. இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடணும்."

அவரைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்த இளம் டாக்டர் அவருடைய வலக்கையைத் தன் இரு கைகளிலும் ஏந்தி, "பாத்தீங்களா ஆன்டி, களிம்புதான்! நான் நெனச்ச மாதிரியே!" என்று சிரித்தார்.

வெளியே வந்தபோது அக்காவின் விரல்கள் அசையவில்லை. "சின்னப்புள்ள மாதிரி சந்தோஷப்படுறாருலா. எனக்குச் சொல்ல வாய் வரல தம்பி," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கும் வலக்கைக்குத்தான் களிம்பு. அன்று மதியம் சோற்றுத் தட்டின் முன்னால், அந்தக் கையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.