கடல்பாசியில் முளைத்த கட்சால்

அக்கா என் மேசை இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடிய அந்தக் காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கையில் கழுவிய கண்ணாடித் தட்டுகளின் அடுக்கு இருந்ததால் முழங்காலைப் பயன்படுத்தினார். பாதி திறந்திருந்த இழுப்பறையில், மூன்று வாரங்களுக்கு முன்பே சென்னைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு கடிதம் மேலாகவே கிடந்தது. நுண்ணுயிர் வளர்க்கும் கூழுக்கான அகார் பொடி கேட்டு எழுதிய கடிதம். அப்போது வாசலில் நின்று மேடம் யாரிடமோ தொலைபேசியில், கடல் சரியில்லாததால் கப்பல் தாமதம், அகார் பொடி வந்து சேரவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் பொடி இருக்காது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. அக்கா கடிதத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், இழுப்பறையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில் கடல்நீரிலும் சதுப்புநிலச் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்களை ஆராயும் ஓர் அரசு ஆய்வகம். அதில் நான் ஸ்டோர் கிளார்க். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில். அக்கா ஆய்வகத்தில் தினக்கூலி. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவார், அகாரைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கட்சால் தீவில் குடியேறிய குடும்பம் அவருடையது. சிறு வயதிலிருந்து அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், சுனாமிக்குப் பிறகு தம்பியோடு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். எங்களை விடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா. எங்கள் விஞ்ஞானி, வங்காளியான மேடமும் அவரை 'அக்கா' என்றே கூப்பிடுவார்.

ஆய்வகத்தில் நடப்பது ஊர் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது மேடத்தின் தீராத ஆசை. முந்தின வருடம் கதவைத் திறந்துவைத்து, சுவரெல்லாம் ஆங்கிலத்தில் படங்களை ஒட்டினார். வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இந்த முறையும் அப்படியானால் இனி இந்த வேலையே வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதனால்தான் மேடம் புதிதாக ஒன்றை யோசித்திருந்தார். நுண்ணுயிர்களில் சில இளஞ்சிவப்பாகவும் சில மஞ்சளாகவும் ஊதாவாகவும் வளரும். தீங்கில்லாத அவற்றையே மையாக்கி, அகார் பரப்பிய தட்டில் படம் வரைந்து மக்களுக்குக் காட்டுவது. அழைப்பெல்லாம் போய்விட்டது. ஒரு வாரம்தான் இருந்தது.

மத்தியானம் அக்கா ஸ்டோருக்குள் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அது கப்பல்ல வராது, இல்லையா தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தங்கை நிச்சயதார்த்த அலைச்சலில் நாளை அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்று வைத்து மறந்துவிட்டிருந்தேன்.

"சரி, அழுது என்ன ஆகப்போவுது. அபர்தீன் பஜார்ல கடல்பாசி விக்கிறாங்கல்ல, நோன்பு நேரத்துல பால் ஊத்திக் காய்ச்சுவாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே? மேடமே ஒருநாள் சொன்னாங்க. போய் பத்து பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

மேடம் முதலில் சிரித்தார். ஆராய்ச்சிக்கு அதைத் தொடவே முடியாது, ஆனால் படம் வரைய என்ன தடை என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டார். நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடாகக் கோழி எலும்பு சூப்பை வடிகட்டிச் சேர்த்தோம். ஆய்வகம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. முதல் தடவை காய்ச்சியது கஞ்சி போல் தளதளவென்று நின்றது. இரண்டாம் தடவை கடல்பாசியை இரட்டிப்பாக்கி, நீராவியில் கிருமி நீக்கி ஊற்றினோம். தட்டைக் கவிழ்த்துப் பிடித்தாலும் அசையவில்லை. அக்கா அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "டீக் ஹை!" என்று கத்தினார், சரியாக வந்துவிட்டது என்று.

அடுத்த தொல்லை வரைவது. நுனி வளைந்த மெல்லிய கம்பியை நுண்ணுயிர் கலந்த நீரில் தோய்த்து, கூழின் மேல் கீறாமல் இழுக்க வேண்டும். மேடம் வரைந்த ஆமை கிழிந்தது. நான் வரைந்த மீன் அதைவிட மோசமாகக் கிழிந்தது. மேடம் அருகில் நின்று முறை சொல்லிக்கொடுக்க, அக்கா கம்பியை வாங்கினார். மரத்தின் உள்கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கை. கம்பி போன தடமே தெரியவில்லை. தண்ணீரில் எழுதுவது போலத்தான், என்ன வரைந்தோம் என்பது மறுநாள்தான் கண்ணுக்குத் தெரியும். ஆமை, பவளப்பாறை, கப்பல் என்று மேடம் கேட்டதையெல்லாம் வரைந்துவிட்டு, கடைசித் தட்டில் என்ன வரைந்தார் என்று மட்டும் சொல்லவில்லை.

காட்சி தொடங்கிய அன்று கூட்டம் வந்தது. கடல்பாசியில் வளர்த்திருக்கிறார்கள் என்ற செய்தி எப்படியோ பஜாருக்குள் போயிருந்தது. இரண்டு நாள் முன்பு மேடம் அழைத்து வெறும் அகார் தட்டில் விரல் பதித்துப்போன மீன்காரப் பெண்கள் தங்கள் தட்டைத் தேடி வந்தார்கள். கழுவாத கை, சோப்பு போட்டுக் கழுவிய கை என்று ஆளுக்கு இரண்டு தட்டு.

"ஆத்தாடி, இதெல்லாம் என் கையிலயா இருந்துச்சு?" என்று ஒருத்தி மூடிய தட்டைத் தூரத்தில் தள்ளினாள்.

"பயப்படாதீங்க, பாதி நம்ம கூடவே குடியிருக்கிறதுதான். சோப்பு போட்டதைப் பாருங்க, எவ்வளவு கொறஞ்சிருக்கு" என்றார் அக்கா. தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை. விளக்கம் சொல்ல நியமிக்கப்பட்டிருந்த இளம் ஆய்வாளர்கள் அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனை நர்ஸ் ஒருவர், நிக்கோபாரிப் பெண், கடைசித் தட்டின் முன்னால் நின்றுவிட்டார். இளஞ்சிவப்புக் கோடு ஒரு தீவின் கரையாக வளைந்திருந்தது.

"அரே, யே தோ கட்சால் ஹை!" இது கட்சால்தானே என்று வியந்தார்.

அக்கா திரும்பினார். நர்ஸ் மேற்குப் பக்கத்து வளைவில் விரலை வைத்து, இங்கேதான் எங்கள் ஊர் இருந்தது, இப்போது இங்கெல்லாம் கடல் உள்ளே வந்துவிட்டது என்று இந்தியில் சொன்னார்.

"மாலூம் ஹை" என்றார் அக்கா. தெரியும். "பழசத்தான் வரைஞ்சேன்" என்பது தமிழில் தானாக வந்தது. அது நர்ஸுக்கு எப்படியோ புரிந்தது. எங்கள் வீடு மேட்டில் இருந்தது, நாங்கள் பிழைத்தோம் என்று அக்கா இந்தியில் தொடர்ந்தார். வரிசை அப்படியே நின்றது. யாரும் நகரச் சொல்லவில்லை.

மூன்று நாள் முடிந்ததும் தட்டுகளில் வளர்ந்ததையெல்லாம் நீராவியில் அழித்துவிட வேண்டும், அது விதி. கட்சாலை மட்டும் தர முடியுமா என்று நர்ஸ் கேட்டார். முடியாது என்று மேடம் சொல்ல வேண்டியிருந்தது. "அதுக்கென்ன, அடுத்த வருஷம் நீங்களே வந்து வரைங்க" என்றார் அக்கா.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, அனுப்பாத கடிதத்தை எடுத்துப்போய் மேடத்தின் மேசையில் வைத்தேன். படித்தார். "கப்பலை எவ்வளவு திட்டினேன்" என்றார். எழுத்தில் ஒரு விளக்கம் கேட்டார், கொடுத்தேன். ஆனால் அடுத்த வருடத் திட்டத்தில் 'கடல்பாசி, பஜாரில் வாங்குவது' என்று எழுதி என் பெயரைப் பக்கத்தில் போட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. என் இழுப்பறை பற்றி அக்கா அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அவர் கப்பலைப் பற்றிச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

இப்போது நாங்கள் மேடத்தோடு பள்ளிகளுக்கும் போகிறோம். அக்காவுக்கு ஆய்வக உதவியாளர் என்று ஓர் அட்டை கழுத்தில் தொங்குகிறது. படம் எடுக்கும்போது அதை முந்தானைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொள்வார்.

இந்த வருடம் நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கரையை அக்கா வரைந்து கொடுத்தார். மேற்கு வளைவில் நர்ஸ் கம்பி நுனியால் ஒன்றொன்றாகத் தொட்டுவைத்தார். இரண்டாம் நாள் காலை, டியூட்டிக்குப் போகும் வழியில் ஓடிவந்து பார்த்தார். கரையோரம் மஞ்சள் புள்ளிகள் வட்ட வட்டமாக எழுந்திருந்தன. அவர்கள் ஊரில் வீடுகளும் அப்படித்தான் வட்டமாக இருக்குமாம். ஒவ்வொரு புள்ளியையும் மூடிக்கு மேலே தொட்டு, அது யார் வீடு என்று சொல்லிக்கொண்டே போனார். அக்கா ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் இரண்டு புள்ளிகள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நர்ஸ் உற்றுப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. சாகிற வரைக்கும் பேசிக்கவே இல்ல" என்றார் இந்தியில். "இப்ப பாருங்க, ஒரே வீடு."