பேத்தியை எந்த நாட்டில் எழுதுவது

என் சம்பந்தி மொக்கைச்சாமியை எனக்குப் பிடிக்காது. மகள் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. பேத்தி பிறந்த அன்றைக்கு அது முற்றிவிட்டது.

பெரியாஸ்பத்திரி வார்டு வாசலில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேனுக்கு இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன், அவரும் சொல்லாமல் வாங்கித் தின்றிருக்கிறார். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. கிரில் பட்டறையில் இரும்பை வளைத்தே காய்த்துப்போன கை இது. பேத்தி என் சுண்டுவிரலைப் பிடித்தாள் பாருங்கள், கையை அசைக்கவே தோன்றவில்லை. நர்ஸ் வந்து, "தாத்தா, பிள்ளைய விடுங்க" என்றார். "நான் எங்கம்மா பிடிச்சிருக்கேன், அவதான் பிடிச்சிருக்கா" என்றேன்.

அப்போதுதான் மொக்கைச்சாமி வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையெல்லாம் பெயிண்ட். பிள்ளையைப் பார்த்தார். குனிந்து நெற்றியை முகர்ந்தார். லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சம்மந்தி, பிள்ளைய எந்த நாட்டுல எழுதப் போறோம்?"

"என்னது?"

"நாடு. அத மொதல்ல பாக்கணும்ல?"

"யோவ், மதுரையில பிறந்த பிள்ளையப் பாத்து என்ன பேச்சு பேசுறீங்க? வேற எந்த நாட்டுல எழுதுவாங்க?"

"நானுந்தான் ஒரு ஊர்ல பிறந்தேன்," என்று சொல்லிவிட்டு லட்டைக் கடித்தார்.

அந்த லட்டைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

அவர் இலங்கையிலிருந்து வந்தவர். ஆனையூரில் என் பட்டறைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற முகாமில்தான் குடியிருக்கிறார். அகதிகள் முகாம் என்று இருந்ததை மறுவாழ்வு முகாம் என்று சர்க்கார் மாற்றியபோது, போர்டு எழுதிக் கொடுத்தவரே அவர்தான். எழுதி முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "பேர மாத்திட்டாங்க சம்மந்தி, ஆள மாத்தல" என்றார். நல்ல காரியம் நடந்தாலும் அவர் வாயில் இப்படித்தான் வரும்.

பெயரைக் கேட்டால் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் என்று நினைப்பீர்கள். அதுவும் பொய் இல்லை. அவருடைய பாட்டனார் அந்தப் பக்கமிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அந்த நாடு சுதந்திரம் வாங்கியதும், தோட்டத்து ஆட்கள் நம் ஆட்கள் இல்லை என்று சொல்லி அவர்கள் ஓட்டைப் பிடுங்கியது. பிறகு இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை லட்சம் பேர், எனக்கு இத்தனை லட்சம் பேர் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். மொக்கைச்சாமியின் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தார். கப்பல் ஏறுவதற்குள் கலவரம் வந்து வீடு எரிந்தது. வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கேயும் சண்டை வரவே, தொண்ணூறில் படகேறி இராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். பேப்பர் இல்லாமல் படகில் வந்த ஆள் என்று இந்தியாவும் அந்த அப்பாவைத் தன் ஆளாக எழுதவில்லை. அவர் முகாமிலேயே செத்துப்போனார். பல வருஷம் கழித்து இலங்கைதான் மொக்கைச்சாமிக்கு, நீ எங்கள் பிரஜை என்று ஒரு சான்றிதழ் கொடுத்தது.

"தொரத்துனவன் எழுதிக்கிட்டான். சேத்துக்கிட்டவன் எழுத மாட்டேங்கிறான்" என்பார்.

கஷ்டப்பட்ட மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கஷ்டப்பட்ட எல்லாரும் இப்படியா பேசுகிறார்கள்? டீக்கடையில் நாலு பேர் நிம்மதியாக அரசாங்கத்தைத் திட்ட முடியாது. "திட்டுறதுக்காச்சும் ஒங்களுக்கு ஒரு நாடு இருக்கு" என்பார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் என் விரலைப் பிடித்து மையைப் பார்ப்பார். "அங்க எங்கப்பனுக்கு ஓட்டு இல்ல, ரேசன் இருந்துச்சு. இங்க எனக்கு ஓட்டு இல்ல, ரேசன் இருக்கு. ரெண்டு நாடும் நம்ம வயித்த மட்டும் நம்புது." கனடாவில் அவர் தங்கைக்குப் பேரன் பிறந்தானாம், பெற்றவர்களுக்கே அங்கே குடியுரிமை இல்லையாம், பிள்ளை மட்டும் பிறந்த அன்றே கனடாக்காரனாம். இதை முகாமில் கேட்காத ஆள் இல்லை.

அவர் மகன் நிரோஷன் என் கிரில்களுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பையன். முகாமில் பிறந்து வளர்ந்தவன், அதிர்ந்து பேசமாட்டான். பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்த என் மகள் அஸ்வினி அவனைத்தான் கட்டுவேன் என்றாள். கட்டி வைத்தேன். பையன் தங்கம். அப்பன்தான் இப்படி.

ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கே.கே. நகரில் நான் கேட் போட்டுக் கொடுத்த வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் போனேன்.

"தாய் இந்தியாங்கிறது மட்டும் பத்தாதுண்ணே," என்றார் வக்கீல். "தகப்பன் இங்க பிறந்திருந்தாலும் வேற நாட்டுப் பிரஜை, முறையான விசா இல்லாம இருக்கிற கணக்குல வாராரு. அப்பிடின்னா இப்ப இருக்கிற சட்டப்படி பிள்ளை தானா இந்தியன் ஆகாது. கோர்ட்டுல வாதாடலாம். வருசக்கணக்குல இழுக்கும்."

"பிறப்புச் சான்றிதழ் வாங்கிட்டேனே?"

"அது பிறந்ததுக்குத்தான் சாட்சி."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் தம்பி, எங்க ஊர்ல காளை எவனோடதுன்னு பாத்தா கன்னுக்குட்டிய அவுத்து விடுறோம்? பசு யாருதோ கன்னும் அவனோடதுதான?"

"சட்டத்துல அப்பிடி ஒரு பிரிவு இல்லண்ணே," என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னால், என் மனைவி முருகம்மாள், "பெத்த மகள மாடுன்னு வக்கீல் வீடு வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தியாக்கும்" என்று பிடித்துக்கொண்டாள். இது எப்படியோ மொக்கைச்சாமி காதுக்குப் போய்விட்டது. தெருவில் வைத்தே சொன்னார்: "ஒங்க மாட்டுச் சட்டம் நல்ல சட்டம் சம்மந்தி. டெல்லிக்கு எழுதிப் போடுங்க."

மாதா மாதம் தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. வந்து முகாமில் ஆள் எண்ணுவார். புதிதாகப் பிறந்த பிள்ளையையும் அன்றைக்கு நேரில் காட்டித்தான் பட்டியலில் எழுத வேண்டும். அதற்கு முதல் நாள் மொக்கைச்சாமி என் வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கி செக்கிங். பிள்ளைய அனுப்பி விடுங்க."

"மூணாம் மாசம் சீரோட நாங்க கொண்டாந்து விடுற வரைக்கும் அது எங்க வீட்டுப் பிள்ளை. தகப்பன் வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. எங்க வழக்கம் அது."

"எங்களுக்கும் அதான் வழக்கம். எங்க பாட்டன் இங்க இருந்துதான அதக் கொண்டு போனாரு."

"அப்பப் பொத்திக்கிட்டு இருங்க."

"வீட்டுக்கு வேணாம் சம்மந்தி. சமுதாயக்கூடத்துக்கு வந்தாப் போதும். எழுதிட்டுக் கூட்டிட்டுப் போயிருங்க."

"என்னன்னு எழுத? அகதின்னா? அதுக்கு என் பேத்திய நானே தூக்கிட்டு வரணுமாக்கும்? கேஸ் போடப் போறேன். எழுதுனா இந்தியான்னு எழுதுவேன். இல்லன்னா எதுலயும் எழுத மாட்டேன்."

குரலை உயர்த்தாமல் குத்துகிற மனிதர் அவர். அன்றைக்குத்தான் கத்திக் கேட்டேன்.

"எங்கப்பனும் இதத்தான்யா சொன்னான்! எழுதுனா இந்தியா, இல்லாட்டி ஒண்ணும் வேணாம்னான். ரெண்டுலயும் இல்லாமச் செத்தான். ஒன் கேசு முடியறதுக்குள்ள பிள்ளை பெரிய மனுசி ஆயிருவா. அதுவரைக்கும் யாரு அவ? ஒன் பட்டறையில செஞ்ச சாமானா?"

"வெளிய போய்யா!"

"போறேன். நாங்க போறதுக்கு அஞ்சுனவங்க இல்ல. அம்புட்டு நாட்டுலயும் 'போ'ன்னு சொல்லியாச்சு."

உள்ளேயிருந்து அஸ்வினி பிள்ளையோடு வந்தாள். "பிள்ளைய ஏலம் விடுறீகளா ரெண்டு பேரும்? பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" மொக்கைச்சாமி பக்கம் திரும்பினாள். "நாளைக்கி நான் தூக்கிட்டுப் போறேன் மாமா. அப்பா, நீ கேஸ் போடு. எழுதுனதுக்குப் பிறகு போடு."

மறுநாள் நானும் கூடப் போனேன். பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டேன், யாரிடமும் கொடுக்கவில்லை. சமுதாயக்கூடத்தில் ஒரு மேசை, முன்னால் ஒரு கயிறு. முகாம்காரர்கள் வரிசையாகப் போய் முகம் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் முறை வந்தது.

"அய்யா நீங்க முகாமா?" என்றார் ஆர்.ஐ. மரியாதையான மனிதர்.

"இல்ல சார். இந்தியா."

பிறந்ததிலிருந்து ஆனையூரில் இருக்கிறேன், ஒருத்தரிடமும் இதைச் சொல்ல வேண்டி வந்ததில்லை.

"அப்பக் கயித்துக்கு வெளிய நில்லுங்கய்யா. நீங்க யாரும்மா?"

"பிள்ளையோட அம்மா சார். நானும் இந்தியா."

ஆர்.ஐ. பேனாவால் தலையைச் சொறிந்தார். "பட்டியல்ல இருக்கவங்க தூக்கிட்டு வரணும்மா. முகாம் குடும்ப அட்டை யார் பேர்ல இருக்கு?"

மொக்கைச்சாமி கயிற்றுக்கு உள்ளேயிருந்து கையை நீட்டினார். பெற்றவளும் வளர்க்கிறவனும் வெளியே நிற்க, பேத்தி மட்டும் உள்ளே போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். அவர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பேரு?"

"வள்ளியம்மை," என்றார் மொக்கைச்சாமி. அவருடைய அம்மா பெயர்.

"சோலையம்மா!" என்று நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். என் அம்மா பெயர்.

"ஒரு பேரச் சொல்லுங்கய்யா!"

"சுபலட்சுமி," என்றாள் அஸ்வினி. "அவுக ரெண்டு பேரும் சொல்றத எழுதாதீங்க சார்."

ஆர்.ஐ. வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். பெயர் சுபலட்சுமி. தகப்பன் நிரோஷன். நாடு இலங்கை. கயிற்றுக்கு உள்ளே அப்பனுக்குப் பின்னால் நின்ற நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

மொக்கைச்சாமி பிள்ளையோடு கயிற்றுப் பக்கம் வந்தார். "இனி நீங்க அடிச்சுத் திருத்துங்க சம்மந்தி. எழுதாத தாளத் திருத்த முடியாதுல்ல."

"திருத்தத்தான்யா போறேன்" என்று பேத்தியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே அஸ்வினியைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போனேன். பேத்தி என் தோளில் தூங்கினாள். வக்காலத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள். எதிர்த்தரப்பு என்று போட்டு, வக்கீல் மத்திய சர்க்காரையும் மாநில சர்க்காரையும் எழுதினார். மொக்கைச்சாமியையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அவர எப்பிடிண்ணே? கேசுல அவரு ஒங்க பக்கத்து ஆளு."

நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி என்றேன். யோசித்துவிட்டு, சட்டத்தில் வேறு வழியில்லை என்றார்.