ஜெசிந்தா அக்கா தட்டச்சு செய்யாத ஜனவரி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஜெசிந்தா அக்காவின் முப்பதாம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று அவருடைய தங்கை கேட்டபோது, வேறு யாரையாவது கேளுங்கள் என்றுதான் சொன்னேன். மறுநாள் நானே போன் செய்து எழுதுகிறேன் என்றேன். அக்காவை என்னைவிட அதிகம் அறிந்தவர்கள் அவருடைய ஊரான ஆவூரில் இருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது கீரனூரில் திருச்சி பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். "ஜெசி போயிருச்சு" என்று மட்டும் தங்கை சொன்னார். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். அலுவலகம் போய் மாலை வரை வேலையும் பார்த்தேன். அக்காவின் இருக்கையில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் சமவெளி ஊர்களில் நூறு வருடங்களுக்கும் முன்னால் யாரோ தினமும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்த தாள்கள் படமாக வரும். அந்த எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் ஒத்துப்போனால் சரியென்று தாள் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் இருவரும் உட்கார்ந்து எது சரி என்று பார்க்க வேண்டும். அக்காவும் நானும் ஒரு ஜோடி.

முதல் வாரத்தில் எங்கள் தாள்கள் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏண்டி வள்ளி, இந்த மைனஸை எல்லாம் எங்க தொலைச்ச?"

"பேனா பட்ட கோடுன்னு நெனச்சேங்க்கா. பூஜ்யத்துக்குக் கீழ இருபதுன்னா மனுசன் இருப்பானாக்கா?"

"இருந்திருக்கான்ல. அவன்தான இதை எழுதியிருக்கான்."

தாளின் ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு பத்தி உண்டு. அதை நாங்கள் அடிக்க வேண்டியதில்லை. அக்கா ஒன்று விடாமல் படிப்பார். சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்வார். ஒரு பிப்ரவரியில் மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் கடல் வரைக்கும் மிதந்து போயினவாம். இன்னொரு குளிர்காலத்தில் மேய்ச்சல் மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தனவாம். "அந்தாளு நம்பர மட்டும் எழுதிட்டுப் போயிருக்கலாம். யாராச்சும் படிப்பாங்கன்னுதான இதையும் எழுதினான்" என்பார்.

அக்காவுக்கு ஏசி ஆகாது. எப்போதும் ஒரு பச்சை ஸ்வெட்டர். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு நாள் டீம் லீடர் கேட்டார்: "என்ன ஜெசிந்தா, அமெரிக்காவுக்குக் கெளம்பிட்டீங்களா?"

"விசா வரல சார். குளிரு மட்டும் வந்துருச்சு."

எல்லோரும் சிரித்தோம். இதயத்தில் வால்வு சரியில்லை என்று என்னிடம் மட்டும் பிறகு சொன்னார். விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. இன்னொரு நாள் எடுத்தால் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். வேலை இல்லாவிட்டால் அதோடு வந்த மருத்துவ அட்டையும் இல்லை. ஆபரேஷனுக்கான ஏற்பாடு அந்த அட்டையில்தான் நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் வரச் சொன்ன நாளில் அக்கா காலையில் வந்து வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டுப் புறப்பட்டார். "ஏம் பங்கையும் நீயே அடிச்சிரு. சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்" என்றார். என் தாளை அடித்தேன். பிறகு அக்காவின் இருக்கைக்குப் போய் அவர் பெயரில் அதே தாளை அடித்தேன்.

அது 1888 ஜனவரி. அந்தத் தாளில் ஒரு நாள் காலையில் பனி உருகும் அளவுக்கு இதம். அடுத்த காலை எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. ஒரே நாளில் அப்படி விழாது, இது கறைதான் என்று நானே முடிவு செய்தேன். அதற்குப் பின் வந்த கோடுகளையும் விட்டேன். இரண்டு தடவையும் விட்டேன். அதனால் எல்லாம் ஒத்துப்போயிற்று. தாள் போய்விட்டது.

இரண்டு வாரத்தில் அது தவறென்று திரும்பி வந்தது. அக்கா படத்தைத் திறந்து ஓரத்துக் குறிப்பைப் படித்தார். "காலையில நல்லாருக்குன்னு கோட்டுகூட இல்லாம பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருக்குடி. திரும்பையில பனிப்புயல்ல மாட்டிக்கிருச்சுக. தேடுறாங்கன்னு எழுதியிருக்கான்." என்னைத் திட்டவில்லை. 

டீம் லீடர் இருவரையும் கூப்பிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "ரெண்டையும் நான்தான் சார் அடிச்சேன். வள்ளிக்கு அன்னைக்குத் தலைவலி."

"ஒரே ஆளு ரெண்டையும் அடிக்கிறதுக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு?"

வாய் திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். அது பொய். அதற்குப் பிறகும் கால் மணி நேரம் அந்த அறையில் நின்றேன். திறக்கவில்லை. படிக்கட்டில் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஒனக்கு இது மொத வேலை. ஒங்க வீட்டுல மொத பட்டமும் நீதான். எனக்கு இது நாலாவது வேலைடி. போயி உக்காரு." நான் போய் உட்கார்ந்தேன்.

வேலையோடு அட்டையும் போயிற்று. வேறு மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்கினார்கள். சோதனைகள், வரிசை, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். ஆபரேஷனுக்குத் தேதி வரவே இல்லை.

ஒரே ஒரு தடவைதான் ஆவூருக்குப் பார்க்கப் போனேன். சித்திரை வெயிலில் அக்கா அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய அம்மா டீ கொடுத்துவிட்டு, வேலையிலிருந்து நீக்கிய அலுவலகக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ வாசித்துச் சொல்லியிருந்தார்கள்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்காம்மா. சோத்துல ஒரு கல்லு வர விடமாட்டா எம்மக. வேலையில எப்புடிம்மா அப்புடிப் பண்ணுனா?"

அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

அந்த அமெரிக்க ஊரின் ஜனவரியை ஒரே வாரத்தில் திருத்திவிட்டார்கள். இப்போது கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அக்காவின் கடிதம் அப்படியே பெட்டியில் இருக்கிறது. அதை இனி யார் திருத்தி என்ன ஆகப்போகிறது?

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். ஓரத்துக் குறிப்புகளை இப்போது நானும் ஒன்று விடாமல் படிக்கிறேன். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். இதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன். திருப்பலி முடிந்ததும் இந்த மலரை அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டுவீர்கள். துக்க வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து நான் எழுதியதில் எதையும் விட்டுவிடாமல் வாசியுங்கள். நான் வெளியே வாசலில்தான் நிற்பேன்.