சென்சாரைத் துடைத்த கை

கலா இறந்துவிட்டார். மாசி பதினொன்று, வியாழக்கிழமை, முற்பகல். புதன்கிழமை என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அது தவறு, திருத்திக்கொள்ளவும்.

பூதலூர் அருகே நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையில், காலிச் சாக்கு எடுக்கக் கிடங்குக்குப் போனவர் மேல் மூட்டை அடுக்கு சரிந்து விழுந்தது.

பேக்கிங் பகுதியில் என்னோடு வேலை பார்த்தவர். அங்கே பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா உண்டு. அது தானாகப் படம் எடுக்காது. ஓரத்திலுள்ள சென்சாரின் ஒளிக்கதிரை மூட்டை மறைத்தால் சிக்னல் போகும்; உடனே ஒரே ஒரு படம். அந்தப் படங்களில் மூட்டைத் தையலைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

தவிட்டுத் தூசி படிந்தால் சென்சார் வேலை செய்யாது. தினமும் காலையில், பெல்ட் ஓடுவதற்கு முன், கலா அதைத் துணியால் துடைப்பார். துடைக்கிற கை கதிரை மறைக்கும். கேமராவுக்கு அதுவும் ஒரு மூட்டைதான்...

"ஏம்மா, தினமும் முதல் படம் உன் கைதானா? கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் துடைக்கக் கூடாதா?" என்று கடிந்துகொள்வேன்.

"அதுக்கு என் மூஞ்சி பிடிக்கலை போல சார், கையை மட்டும் எடுக்குது. வளையலாவது நல்லா விழுந்திருக்கா?"

மூட்டை எண்ணிக்கைக்கு மேல் ஒரு படம் நிற்பது எனக்கு ஆகாது. மாலையில் அதை அழித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று அழிக்கவில்லை... யாருக்கு அந்த நினைப்பு இருந்தது?

வெள்ளிக்கிழமை, மருத்துவமனை வாசலில் அவர் கணவர் முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ அன்னைக்கு வேலைக்கே வரலையாம் சார். லீவுல இருந்தவ சும்மா உள்ள நுழைஞ்சிட்டாள்னு ஆலைக்காரங்க போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. சோறு கட்டிக்கிட்டுப் போனவ சார்... வேலையில செத்தான்னு இருந்தாத்தானே எம்பொண்ணு படிப்புக்கு ஏதாவது வழி பொறக்கும்?"

அன்று கலாவை ஆலையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் தினக்கூலி. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை, மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"கை விழுந்த படத்தை எப்பவும் அழிச்சிடுவீங்களே சார். இந்தத் தடவை விட்டுட்டீங்களோ?"

"விட்டுட்டேன்."

"அழிச்சிடுங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

அவர் போன பிறகு திறந்து பார்த்தேன். மூலையில் தேதி, காலை எட்டு மணி ஏழு நிமிடம். பச்சைக் கண்ணாடி வளையல்கள். மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட பழைய தழும்பு. துளியும் மங்கல் இல்லை.

அந்தப் படத்தைத்தான் இங்கே இணைத்திருக்கிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, முருகேசனோடு காவல் நிலையம் போய் அதன் பிரதியைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்று காலை ஆலை வாசலில் காவலாளி என்னை உள்ளே விடவில்லை. "மேல இருந்து சொல்லிட்டாங்க சார், என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார்.

கலா... அன்று நீ வேலைக்கு வந்திருந்தாய். போய் வா, அம்மா.