ஊர்வாரியாக நெஞ்சுகள்

செஞ்சியில் எக்ஸ்ரே ஜான் பாஷாவைத் தெரியாதவர்களே இல்லை என்பது ஜான் பாஷாவின் அபிப்பிராயம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் படம் எடுப்பதும் கழுவுவதும் அவர்தான். 1986-இல், காசநோய் ஊருக்கு ஊர் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, பட்டணத்து ஆராய்ச்சி ஆஸ்பத்திரிக்காரர்கள் பழைய நெஞ்சுப் படங்களைக் கேட்டு வரப்போவதாகச் செய்தி வந்தது. "படங்களை ஒழுங்கா அடுக்கி வை பாஷா" என்றார் டாக்டர் சீதளநாதன். உலகத்துக்கே திட்டம் போடச் சொன்னதாக ஜான் பாஷா எடுத்துக்கொண்டார்.

அலமாரிக்கு ஓர் ஊர். தொண்டூர், சிங்கவரம் என்று பெயரெல்லாம் பச்சை பெயிண்டில். "மனுஷன் மாறுவான், ஊரு எங்க ஓடப்போவுது?" என்ற வாக்கியத்தை முதலில் வீட்டில் மனைவி மெஹர் பானுவிடம் சொல்லிப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்குது. ரேஷன் சர்க்கரை எப்ப வாங்கியாருவீங்க?"

ஆராய்ச்சிக்காரர்களுக்கு முன்பே மீனம்பாள் வந்துவிட்டாள். இடுப்பில் கைக்குழந்தை, தொண்டையில் இருமல். முன்பும் ஒருமுறை இங்கே படம் எடுத்ததாகச் சொன்னாள். புதுப் படத்தில் நுரையீரலின் மேல்மூலையில் ஒரு நிழல்.

"சளியில ஒண்ணும் தெரியல. பழைய படத்திலயும் இதே நிழல் இருந்தா, எப்பவோ ஆறின தழும்பு. இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேரணும், குழந்தையைப் பிரிச்சு வைக்கணும்" என்றார் டாக்டர். மீனம்பாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எந்த ஊரும்மா?" என்றார் ஜான் பாஷா.

"தொண்டூர்."

திட்டத்துக்கு முதல் போணி! தொண்டூர் அலமாரியை இரண்டு முறை அலசினார். ஊரார் நெஞ்செல்லாம் இருந்தது, மீனம்பாளுடையது இல்லை. திட்டத்தில் தப்பு இருக்க முடியாது என்பதால் தப்பை மீனம்பாள் தலையில் வைத்தார்.

"நீ இங்க எடுத்திருக்கவே மாட்டே. திண்டிவனத்துல எடுத்திருப்பே."

"இன்னா பாய் பேசறே? மூச்சைப் புடின்னு சொல்லிட்டு, விடுன்னு சொல்லாம டீ குடிக்கப் போனது யாரு? நீதான? எங்கம்மா வந்து 'உடுடீ மூச்சை'ன்னு திட்டனதால பொழச்சேன்!"

டாக்டர் இருமினார். அது காசநோய் இல்லை.

"உங்கம்மா ஏன் வந்தாங்க?" ஜான் பாஷாவின் குரல் இறங்கியிருந்தது.

"தலைப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்கு வந்திருந்தேன். பெத்த கையோட இருமலு. சிங்கவரத்துலேருந்து அதுதான இட்டாந்துச்சி?"

ஊர் ஓடாது, பெண்கள் பிள்ளை பெறத் தாய்வீடு போவார்கள். மெஹர் பானுவும் அப்படித்தான் போனாள். பெட்டியைத் தூக்கி பஸ் ஏற்றிவிட்டவர் இதே மேதைதான்.

படம் சிங்கவரம் அலமாரியில் இருந்தது. இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டினார் டாக்டர். அதே மூலை, அதே நிழல், அதே அளவு.

"பால் குடுக்கலாமா?"

"தாராளமா குடும்மா."

அவள் அங்கேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆண்கள் இருவரும் படம் கழுவும் இருட்டறைக்குள் ஒதுங்கினார்கள்.

"பாஷா, ஆராய்ச்சிக்காரங்களுக்கு என்ன சொல்றது?"

"ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடலாம் டாக்டர். எங்கேருந்து வந்தாலும் அதே நம்பர். நம்பர் பிரசவத்துக்குப் போவாது."

"இதையும் வீட்ல சொல்லிப் பாத்தியா?"

"இன்னும் இல்லீங்க."

"கேட்டுட்டு அப்புறமா பெயிண்ட் அடி."