இடது தோள்

சிங்காரவேலுவின் வலது தோளருகே காறை எலும்பில் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருந்தன. அது அவருக்கும் மனைவி தனபாக்கியத்துக்கும் மட்டுமே தெரியும். ஐம்பத்தொரு வயதான அவர் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு வங்கியின் வாசல் காவலர். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். சொந்த லைசென்ஸில் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார்.

அறுவடை சமயத்தில் வைக்கோல் சிதறிக் கிடந்த ரோட்டில் பைக் வழுக்கியதில் எலும்பு முறிந்தது. வங்கியில் மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு போட்டார். தோளில் எந்த அடியும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் துப்பாக்கியோடு நிற்பதற்கு அது இடைஞ்சலாக இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து வருடாந்திரச் சுடும் பயிற்சி என்று தேதி வந்துவிட்டது. போலீஸ் மைதானத்தில், அதிகாரி முன்னால் ஐந்து தோட்டா சுட வேண்டும். தேறினால்தான் வேலையில் நீடிக்கலாம்.

அந்தத் துப்பாக்கி சுடும்போது தோளில் கழுதை மாதிரி உதைக்கும் என்பது அவருக்குத் தெரியும். வலது தோளில் வாங்கினால் தகடு பெயர்ந்துவிடும் என்று பயந்தார். இடது தோளுக்கு மாற்றினார். தோட்டா போடாமல் தினமும் காலையில் கொல்லையில் ஏந்தி ஏந்திப் பார்த்தார்.

தனபாக்கியம் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் துப்பாக்கியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, மண்வெட்டிக் காம்பை எடுத்து வந்தாள். அதன் ஒரு முனையை அவர் இடது தோளில் வைத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தள்ளு. அவர் இரண்டடி பின்னால் போய் வேலியில் சாய்ந்தார்.

"உதை வரும்னு முன்னாடியே பின்னால சாயறீங்க. முன்னால சாஞ்சு நில்லுங்க. நான் எப்பத் தள்ளுவேன்னு நினைச்சுட்டே இருக்காதீங்க."

இரண்டு மாதம் அப்படித் தள்ளினாள். வலது காலை முன்வைத்து, உடம்பு பாரத்தை அதன்மேல் இறக்கி, காம்பைத் தோள் குழியில் இறுக்கி நிற்கப் பழகினார். ஆனாலும் அது வெறும் காம்பு. வெடிச்சத்தம் கிடையாது.

பயிற்சி நாளன்று மைதானத்தில் பதினொரு காவலர்கள் வரிசையில் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று கவனித்தார். சிங்காரவேலு இடது தோளில் துப்பாக்கியை வைத்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

முதல் தோட்டா. விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொண்டது. குறிப்பலகைக்கு வெகு முன்னால் மண் தெறித்தது. இரண்டாவதில் பயத்தில் துப்பாக்கியைத் தோளைவிட்டு விரலளவு தள்ளிப் பிடித்துவிட்டார். அந்த இடைவெளியில் வேகம் எடுத்துவந்த துப்பாக்கியின் பின்கட்டை தோளில் அறைந்து, தாடையில் மோதியது. உதடு கிழிந்தது.

இளையபெருமாள் நிறுத்தச் சொன்னார். துப்பாக்கியைத் திறந்து தரையில் வைக்கச் சொன்னார். பிறகு ஆறுதலாக அவர் வலது தோளைப் பிடித்தார். சிங்காரவேலுவுக்கு முகம் சுருங்கியது. விரலுக்கடியில் தகட்டின் மேடு தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"என்ன இது?"

மறைக்க இனி வழியில்லை. விபத்து, ஆபரேஷன், காமாலை என்ற பொய் எல்லாவற்றையும் சொன்னார். மற்ற காவலர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் அவருக்குக் காது மடல் எரிந்தது.

"வேலை போயிடும்னு மறைச்சேங்க. தப்புதான். ஆனா இடது தோள்ல ஒரு குறையும் இல்லைங்க. இன்னும் மூணு தோட்டா இருக்கு."

இளையபெருமாள் பதிவேட்டைக் கையில் எடுத்தார். மூன்றும் பலகையில் பட வேண்டும், ஒன்று தவறினாலும் தேறவில்லை என்று வங்கிக்கு எழுதி அனுப்பிவிடுவேன் என்றார்.

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிங்காரவேலு நின்றார். கட்டையைத் தோள் குழிக்குள் இழுத்து இறுக்கினார். கன்னத்தை அதன்மேல் அழுத்தினார். மூச்சைப் பாதி விட்டு, விசையை மெல்ல அழுத்தினார். உதை உடம்பு முழுவதும் பரவிக் காலுக்கு இறங்கியது. பலகையின் ஓரம் பிய்ந்தது. நான்காவது அதைவிட உள்ளே தள்ளிப் பட்டது.

ஐந்தாவது. விசையை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். தோட்டா வெடிக்கவில்லை.

யாரும் அசையவில்லை. தாமதித்தும் வெடிக்கலாம் என்பதால் அவர் குழலைப் பலகையை நோக்கியே வைத்திருந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு நிமிடம் கழித்துத் திறக்கச் சொன்னார்கள். திறந்து தோட்டாவை எடுத்தார். மூன்றில் ஒன்று குறைந்துவிட்டது என்று நினைத்தார்.

இளையபெருமாள் முன்னால் வந்தார். "உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்துறப்போ குழல் தானா கீழே குத்தும். வெடிச்சா அது கண்ணுக்குத் தெரியாது. இப்ப வெடிக்கல, நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். குழல் இம்மி ஆடல."

வேறு தோட்டா கொடுக்கச் சொன்னார். அதுவும் பலகையில் பட்டது.

தேறினார், இடது தோளில் சுடுபவர் என்று இளையபெருமாள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் தகடு இருப்பதை மேனேஜரிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மறுநாளே சிங்காரவேலு சொன்னார். மேனேஜர் கோபித்துக்கொண்டார். டாக்டர் சான்றிதழ் கேட்டார். சான்றிதழ் வரும்வரை ஒன்பது நாள் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு, வங்கிக் கதவு திறக்கும்போது, அவர் வாசலில் நின்றிருந்தார்.