அண்ணனுக்காகக் கரையில் நின்ற படகுகள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் ஊராரும் அவரை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள். பகலில் அவர் வீட்டில் இருந்ததே குறைவு. ஆனாலும் கூடப் பிறந்தவள் என்ற முறையில் இதை நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். எழுதுகிறேன். இன்னும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பழவேற்காட்டை அடுத்த எங்கள் குப்பத்தில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்குத் தலைமகனாகப் பிறந்தார். அடுத்தவள் நான். நைனா காலையில் ஏரி, காற்று நன்றாக இருந்தால் கடல் என்று தொழில் செய்தவர். அண்ணன் பொன்னேரிக் கல்லூரியில் படித்துக்கொண்டே வலை இழுத்தார். டச்சுக் கல்லறையைப் பார்க்க வரும் வெளிநாட்டாரைப் படகில் ஏற்றிக்கொண்டு போவதும் அவர்தான். அவர்களிடம் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகினார். கல்லறையில் பெயர் தேடி வந்த ஒருவரிடம், “அந்தக் காலத்துல உங்க ஆளுங்க இங்க செத்துப்போனா வீட்டுக்குச் சேதி போவ எவ்ளோ மாசம் ஆகும்?” என்று கேட்டாராம்.

மீனவர் இளைஞர் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது அவருக்கு ஒரு வெளிநாட்டு ஃபெல்லோஷிப் கிடைத்தது. பல நாடுகளிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு ஒரே இடத்தில் தங்கவைத்து, ஒருவர் ஊரை இன்னொருவர் அறியும்படி செய்து, தங்கள் மக்களுக்குத் தலைமை தாங்கப் பயிற்சி தருவார்கள். டச்சுக்காரர் நாட்டுக்கே போனார். எங்கள் குப்பத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவர்தான்.

அவர் அங்கே இருந்தபோது நைனா மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்து, இறால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் இருந்த ஊரில் பனி கொட்டி விமானங்கள் நின்றுவிட்டன. ஊர்த் தலைவரின் போனுக்குப் பேசினார்.

“மாமா, என்னால வர முடியாது. நீங்க எடுத்துடுங்க. பெரியப்பா மகன் கொள்ளி வெக்கட்டும்.”

தலைவர் போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: “துக்கத்துல பேசறான் பாவம். நம்மளுக்கு சிரமம்னு பாக்கறான். தலைமகன் இருக்கசொல்ல இன்னொருத்தன் கொள்ளி வெக்கறதா? காத்துனு இருப்போம்.”

அண்ணன் சொன்னதைச் சொன்னபடி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி போன் செய்தார், மறுபடியும் அதையே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் இன்னும் உறுதியாகக் காத்திருந்தது. மீனுக்கு வரும் ஐஸ் கட்டிகளை நைனாவைச் சுற்றி அடுக்கினார்கள். ஒரு நாள் போனது, மறுநாளும் போனது. இறால் ஓடி முடிந்தது. ஒருவர்கூட முகம் கோணவில்லை.

அங்கேயும் ஒன்று நடந்திருக்கிறது. அண்ணனோடு பயின்ற கென்யாப் பெண் ஒருவரும் பெரு நாட்டு இளைஞர் ஒருவரும் எங்கள் வழக்கத்தை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “அப்படியானால் நாங்களும் போகமாட்டோம்” என்று வகுப்புக்குப் போகாமல் அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும். அந்த ஆண்டில் கற்றதிலேயே பெரியது அதுதான் என்று மேடைகளில் சொல்லுவார். என்னிடம் தனியாக வேறு மாதிரி சொன்னார்: “அங்கயும் குந்திட்டாங்க, இங்கயும் குந்திட்டாங்க. நடுவுல நான் எங்க போறதும்மா?”

விமானங்கள் ஓடத் தொடங்கியதும் வந்தார், கொள்ளி வைத்தார். காரியம் முடிந்ததும் ஊரே அவரைத் திருப்பி அனுப்பியது. படிப்பை முடித்து வந்தார். அதன்பின் எத்தனையோ அழைப்புகள் வந்தும் ஊரை விட்டுப் போகவில்லை.

அவர் செய்த நல்லவற்றை நீங்கள் அறிவீர்கள். ஆந்திரப் பக்கத்துப் படகுகளோடு தகராறு வந்தபோதெல்லாம் தெலுங்கில் பேசி, இரண்டு பக்கத்து வலைகளையும் மீட்டுக் கொடுத்தார். பல தேசத்தாரோடு தங்கிக் கற்ற பொறுமையை ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவிலேயே செலவழித்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்த என்னையும் என் மகளையும் தன் வீட்டில் வைத்துக் காத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் தேடவில்லை.

ஆனால் ஒன்றை நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஏரியின் ஆழமில்லாத பகுதியில் கையால் இறால் தடவி எடுக்கும் வேற்றூர்ப் பெண்கள் எங்கள் எல்லைக்குள் வரக்கூடாது என்று ஒருமுறை ஊர்க்கூட்டம் பேசியது. அண்ணன் எழுந்து, “அவங்க எங்க போவாங்க?” என்று தொடங்கினார். பின்னாலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“இன்னாப்பா, வெளிநாட்டுப் படிப்பு பேசுதா? உங்கப்பன எடுக்க கரையில குந்தினு கெடந்தோமே, அப்ப நாங்க எங்க போனோம்?”

கூட்டமே சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லை, கேலிதான். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்கள் அந்தப் பருவத்தில் வேறு இடம் தேடிப் போனார்கள். ஊர் முடிவு தப்பு என்று தோன்றிய எந்தக் கூட்டத்திலும் அதன்பின் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

கடைசி நாட்களில் பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தலைவரை வரச்சொன்னார். “மாமா, நான் போனா ஒடனே எடுத்துடுங்க. படகு நிக்கக் கூடாது.” தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தயெல்லாம் நீ பேசாத. ஊரு பாத்துக்கும்” என்றார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அவர் போன அன்று, அதே மாதிரி ஒரு ஃபெல்லோஷிப்புக்கான நேர்காணலுக்காக என் மகள் டெல்லியில் இருந்தாள். அவளைத் தயார் செய்தவரே அண்ணன்தான். மகள் மாதிரி வளர்ந்தவள் முகம் பார்க்கட்டும் என்று ஊர் காத்திருந்தது. அவள் வந்தபோது படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நின்றன. தாய்மாமன் முகத்தைப் பார்த்து அழுதவள், வெளியே வந்து படகுகளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சேதி வந்தது. அவள் போகமாட்டேன் என்றாள்.

“நான் அங்க இருக்கசொல்ல உனுக்கு ஏதாச்சும் ஆனா ஊரே கரையில குந்தும். அப்புறம் நான் வந்து காலம் முழுக்க வாய மூடிக்கினு கெடக்கணும், மாமா மாரி. வேணாம்மா.”

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இருப்பது ஒரே பிள்ளை. போனால் பயம். போகாவிட்டால் அண்ணன் ஆசை என்னால் கெட்டது என்று ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தலைவரிடம் போய், “எனக்கு ஏதாவது ஆனா நிக்காதீங்க மாமா” என்று கேட்டேன். “ஊருன்னா அப்டித்தாம்மா” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதனால் எல்லார் வீட்டுக்கும் போகும் இந்த மலரில் அச்சிலேயே சொல்கிறேன். மகள் வெளிநாட்டில் இருக்கும்போது எனக்கு எது நேர்ந்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். யார் கொள்ளி வைத்தாலும் எனக்குச் சம்மதம். படகுகளை நிறுத்த வேண்டாம். இதைத் துக்கத்தில் சொல்கிறேன் என்றோ, உபசாரத்துக்குச் சொல்கிறேன் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்னது சொன்னபடி.

நைனாவுக்காகவும் அண்ணனுக்காகவும் தொழிலை விட்டுக் கரையில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து இரவு தங்கிய இளைஞர்களுக்கும், சோறு பொங்கிக் கொடுத்தனுப்பிய பெண்களுக்கும் எங்கள் நன்றி. உங்கள் அன்பில் எனக்குக் குறையே கிடையாது. அதிலிருந்து என் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மகளிடம் படிக்கத் தந்தேன். படித்துவிட்டு, “இத்த யாரும் ஒத்துக்க மாட்டாங்கம்மா” என்றாள். பிறகு, அங்கே குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பாரிமுனையில் கிடைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய் வாங்கி வரலாம் என்றும் சொன்னேன்.